முதல் பாகம் வெளியே போயிருக்கு

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவைக் கரைத்துக் குடித்தவன் என்று என்னைப் பற்றி நண்பர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். சுஜாதாவைக் கொண்டாடுகிறவர்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் சரி, அசிமோவ் படிச்சிருக்கீங்களா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காபியை உறிஞ்சுவது என் நெடுநாள் பழக்கம். எதிரே இருப்பவர் கொஞ்சம் அடங்கிப்போவார். யாரும் மேற்கொண்டு துருவியதில்லை. துருவியிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். அரசு நூலகத்தில் மற்றவர்கள் எதைத் திருப்பிக் கொடுத்தார்களோ அதை, அதே வரிசையில், பாதி புரிந்தும் மீதி புரிந்ததாகக் காட்டிக்கொண்டும் படித்தவன் நான். வயதாகிவிட்டது; எந்தப் பொய்யை யாரிடம் சொன்னேன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சுலபமாக இருக்கும் போலிருக்கிறது.

ஆரம்பமே ஆள்மாறாட்டம். எண்பதுகளின் கடைசியில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு தலைப்பில் செமினார் எடுக்க வேண்டும். எனக்கு விழுந்த தலைப்பு ரோபாட். மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், தொழில்நுட்ப அலமாரியில் தேடினேன். 'ஐ, ரோபாட்' என்று ஒரு புத்தகம் இருந்தது. எடுத்து வந்துவிட்டேன்.

அது அசிமோவின் கதைப் புத்தகம் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் நூலகத்துக்கு வரும் பேப்பர்பேக் எதுவும் அட்டைப்படத்தோடு நம் கைக்கு வராது. மேலட்டையைக் கிழித்துவிட்டு, இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்து, பழுப்பு காலிக்கோத் துணி ஒட்டி, நூல் கோத்து இறுக்கித் தைத்துவிடுவார்கள். முதுகில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் எண்ணும் மட்டும் இருக்கும். தையலுக்குள் ஒவ்வொரு வரியின் ஓர எழுத்தும் மாட்டிக்கொள்ளும். புத்தகத்தை மல்லாக்க விரிக்கவே முடியாது. இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அப்படித் தைத்துவிட்டால் வெப்ப இயக்கவியலும் துப்பறியும் நாவலும் ஒரே முகம்தான்.

நான் எட்டிப் பார்த்தது முதல் பக்கத்தை மட்டும். அதில் ரோபாட்டிக்ஸின் மூன்று விதிகள் அச்சாகியிருந்தன. ரோபாட் மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேர விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவும் கூடாது. முதல் விதிக்கு முரண்படாத வரை மனிதன் இட்ட வேலையைச் செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் முரண்படாத வரை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நியூட்டனுக்கு மூன்று, ரோபாட்டுக்கும் மூன்று, பொருத்தமாக இருந்தது. கரும்பலகையில் அழகாக எழுதி, கீழே ஆதாரத்தையும் எழுதினேன்: 'ரோபாட்டிக்ஸ் கையேடு, 56-ஆம் பதிப்பு, 2058.'

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப சுஜாதாவோட ரோபாட் நாய் ஜீனோ யாரையும் கடிக்காதா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அது என்ன வருஷம்?"

"2058 சார்."

"இப்ப என்ன வருஷம்?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அச்சுப்பிழை சார். 1958-ஆ இருக்கும்" என்றேன்.

"1958-க்குள்ளேயே 56 பதிப்பு போட்டுட்டானா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அறிமுகப் பகுதியில் டாக்டர் சூசன் கால்வின் என்ற ரோபாட் உளவியலாளர் வருகிறார். 1982-இல் பிறந்தவர், இப்போது வயது 75 என்று போட்டிருக்கிறது. வாத்தியார் அதைச் சத்தமாகப் படித்தார். அன்றைய கணக்குப்படி அந்த அம்மாள் ஒன்றாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். செமினாரை நான் மறுபடி எடுக்கும்படி ஆயிற்று. தலைப்பும் மாறியது: கியர் பெட்டி.

அன்றைக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் வாதாடியிருப்பேன். 'ரோபாட்டிக்ஸ்' என்ற சொல்லையே முதலில் அச்சில் ஏற்றியவர் அசிமோவ்தான். 1941-இல் வந்த 'லயர்' கதையில். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல் என்று நினைத்துத்தான் எழுதினாராம். மூன்று விதிகளும் முழுசாக வந்தது 1942 மார்ச்சில், 'ரன்அரவுண்ட்' கதையில். 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த 'யூனிமேட்' என்ற தொழிற்சாலை ரோபாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜோசப் எங்கல்பெர்கர், அசிமோவ் கதைகளில் ஊறியவர். பின்னாளில் அவர் எழுதிய ரோபாட்டிக்ஸ் பாடநூலுக்கு முன்னுரை எழுதியது அசிமோவ். அதாவது என் ஆதாரம் அப்படி ஒன்றும் மோசமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது வாத்தியார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

மூக்குடைபட்ட கோபத்தில், அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று புத்தகத்தை முழுசாகப் படித்தேன். மாட்டிக்கொண்டேன்.

'ரன்அரவுண்ட்' கதை புதன் கிரகத்தில் நடக்கிறது. பவல், டோனவன் என்று இரண்டு பேர். அவர்களைச் சூரிய வெப்பத்திலிருந்து காக்கும் மின்கலங்களுக்கு செலீனியம் வேண்டும். ஸ்பீடி என்ற ரோபாட்டை அனுப்புகிறார்கள். போனவன் திரும்பவில்லை. தேடிப் போனால், செலீனியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டு, குடித்தவனைப்போல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. பழுது எதுவும் இல்லை, சட்டச் சிக்கல். விலை அதிகமான ரோபாட் என்பதால் தற்காப்பு விதியைக் கொஞ்சம் தூக்கலாக வைத்திருக்கிறார்கள். டோனவனோ, போய் எடுத்து வா என்று அழுத்தமில்லாமல் சொல்லிவிட்டான். குட்டைக்குப் பக்கத்தில் ஆபத்து இருக்கிறது. நெருங்கினால் மூன்றாம் விதி பின்னால் தள்ளுகிறது. விலகினால் இரண்டாம் விதி முன்னால் இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஒரு வட்டம் போட்டு அதிலேயே ஓடுகிறது. கடைசியில் பவல் தன் உயிரையே ஆபத்தில் வைக்கிறான். மனிதனுக்கு ஆபத்து என்றதும் முதல் விதி மற்ற இரண்டையும் அடித்துத் தள்ளுகிறது; ஸ்பீடி ஓடி வருகிறது.

இந்தக் கதையை ரசித்து முடித்தபோது புத்தகத்தின் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அபராதம் சில்லறைக் காசுதான். பயம் நூலகரின் வாய்க்கு. இன்னொரு பக்கம், இதே ஆளின் அடுத்த புத்தகம் வேண்டும் என்ற அரிப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். நூலகத் தெருமுனை வரை போவேன். அங்கிருந்து வண்டி நகராது. பின்பக்கச் சந்து வழியாகப் போய், தபாலாபீஸைச் சுற்றி, மறுபடி அதே முனைக்கு வந்து நிற்பேன். ஸ்பீடியின் சமன்பாடு எனக்கு எந்தப் பாடத்தைவிடவும் தெளிவாகப் புரிந்தது அந்தச் சந்தில்தான். பாட்டு மட்டும் பாடவில்லை.

என்னை மீட்க யாரும் உயிரைப் பணயம் வைக்கவில்லை. மழை வந்தது. கேரியரில் புத்தகம். காலிக்கோவில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிப் பக்கமெல்லாம் பழுப்பாகிவிடும். வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது முதல் விதி. புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

நூலகர் திட்டவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு, "இது கதையாச்சே தம்பி, இதை எங்கேர்ந்து எடுத்தே?" என்றார். தொழில்நுட்ப அலமாரியைக் காட்டினேன். யாரோ மாற்றிச் செருகிவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய், வரும்போது இன்னொரு பழுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "இவரோடது இன்னொண்ணு இருக்கு. மூணு பாகம். முதல் பாகம் வெளியே போயிருக்கு. ரெண்டாவதும் வெளியே. இது மூணாவது. வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

'செகண்ட் ஃபவுண்டேஷன்.' விண்மீன் மண்டலம் முழுவதையும் ஆளும் ஒரு பேரரசு சரியப் போகிறது என்று ஹாரி செல்டன் என்ற கணித மேதை கண்டுபிடிக்கிறார். அவர் கையில் இருப்பது உளவரலாறு என்ற கற்பனை விஞ்ஞானம். அசிமோவ் வேதியியல் படித்தவர். வாயுக்களின் இயக்கக் கொள்கையிலிருந்து இந்தக் கற்பனையை எடுத்துக்கொண்டார். ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்த வாயுவின் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். மனிதக் கூட்டமும் அப்படித்தான், கூட்டம் போதிய அளவு பெரிதாக இருந்தால். பேரரசு விழுந்தபின் வரப்போகும் 30,000 வருட இருளை 1,000 வருடமாகக் குறைக்க, செல்டன் இரண்டு அமைப்புகளை மண்டலத்தின் இரண்டு கோடிகளில் நிறுவுகிறார்.

இதெல்லாம் முதல் பாகம் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தில் எல்லோரும் இரண்டாவது அமைப்பு எங்கே என்று வெறிபிடித்துத் தேடுகிறார்கள். முதலாவது எது, யார் எதற்காகத் தேடுகிறார்கள், செல்டன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று புரியாமல், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் சாப்பிட்டவனைப்போலச் சாப்பிட்டு எழுந்தேன். சாப்பாடு பிரமாதம். மண்டலத்திலேயே மிக ரகசியமான இடம் எது என்பது, அதைத் தேட வேண்டிய அவசியம் என்ன என்று தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. மியூல் என்று ஒரு பாத்திரம் உண்டு. செல்டன் கணக்கில் அடங்காத பிறவி. தனி ஒரு ஆளாக வந்து மொத்தத் திட்டத்தையும் கவிழ்ப்பவன். அவன் யார் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் வரை பொத்திப் பொத்தி வைத்திருக்கும் மர்மம். மூன்றாம் பாகமோ, அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்ற தோரணையில் தொடங்குகிறது. வகுப்புத் தோழன் ஒருவன் பஸ்ஸில் ஒரு பழுப்புப் புத்தகத்தைப் பிளந்து படித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அதே இரண்டாம் பாகம். அதை 'வெளியே' வைத்திருந்தவன் இவன்தான். "இப்பத்தான் பாதி வந்திருக்கேன்" என்றான். நான் என் புலமையைக் காட்ட வேண்டாமா? "அட, அவன்தானே மியூல்!" என்றேன், பெயரைச் சொல்லி. அவன் புத்தகத்தை மூடினான். மறுநாளே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதனால் இரண்டாம் பாகம் எனக்குச் சீக்கிரம் கிடைத்தது என்பது உண்மை. மர்மம் செத்துப்போன மர்மக் கதையை முழுசாகப் படித்தேன் என்பதும் உண்மை. அந்த நண்பன் இப்போது என்னிடம் கிரிக்கெட் மட்டும்தான் பேசுகிறான்.

முதல் பாகம் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "வெளியே போயிருக்கு" என்பார் நூலகர். யாரோ ஒரு மகாபாவி அமுக்கி வைத்திருக்கிறான் என்று சபித்தேன். ஒருநாள் போனால், திரும்பி வந்த புத்தகக் குவியலில் மேலாகவே கிடந்தது. என் டோக்கன்களில் ஏற்கெனவே புத்தகங்கள் இருந்தன. அன்றைக்கு எடுக்க வழியில்லை. விட்டுப் போனால் வேறு யாராவது கொண்டுபோய்விடுவான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் சீண்டாத ஓமியோபதி அலமாரியில், தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனிடம் ஒரு மன்னிப்பு. கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். இந்திய நூலகத் துறையின் தந்தை. அசிமோவ் ரோபாட்டுகளுக்கு மூன்று விதி போடுவதற்குப் பத்து வருடம் முந்தியே, 1931-இல், நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பவை அவை. ஒரே ஒரு தள்ளலில் நான்கை உடைத்தேன். ஐந்தாவதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டோக்கன் காலியானதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். காணோம். ஓமியோபதிக்காரர்கள் அறிவியல் புனைகதை படிப்பார்கள் என்று யார் கண்டது என்று நொந்துகொண்டேன். டிப்ளமோ முடிந்தது, வெளியூரில் வேலை கிடைத்தது. விடுமுறைக்கு வந்த சமயம் நூலகத்துக்குப் போனால், நூலகர் என்னைப் பார்த்ததும், "தம்பி, நீ கேட்டுக்கிட்டிருந்தியே, கிடைச்சிருச்சு" என்று முதல் பாகத்தை நீட்டினார். வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினார்களாம். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே விழுந்து கிடந்ததாம். பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். நான் ஒளித்து வைத்த காலத்துக்குப் பிறகு ஒரு முத்திரைகூட இல்லை. அத்தனை நாளும் அது எங்கும் வெளியே போகவில்லை. என்னைப்போல வந்து கேட்ட எத்தனை பேரிடம் நூலகர் "வெளியே போயிருக்கு" என்று சொல்லியிருப்பாரோ. "எப்படி சார் அங்கே போச்சு?" என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

இப்படித் தலைகீழாகப் படித்ததற்காகக் கொஞ்சகாலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தொடர் பிறந்த கதையைப் படித்தேன். 1941 ஆகஸ்ட் 1. பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெலைப் பார்க்க நியூயார்க் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார் அசிமோவ், வயது 21. கையில் கதை எதுவும் இல்லை. வைத்திருந்த இசை நாடகப் புத்தகத்தைக் குத்துமதிப்பாகத் திறக்கிறார். ஒரு தேவதை ராணி சிப்பாய் ஒருவன் முன்னால் மண்டியிட்டிருக்கும் படம். சிப்பாயிலிருந்து படை, படையிலிருந்து ரோமப் பேரரசு, அதிலிருந்து விண்வெளிப் பேரரசு என்று மனம் ஓடுகிறது. இறங்குவதற்குள் கரு தயார். 1942 மே மாதம் முதல் கதை அச்சானது. பத்திரிகையில் எல்லாக் கதைகளும் வந்து முடிந்தபின், 1951-இல் நோம் பிரஸ் புத்தகமாகப் போட்டபோதுதான் முதல் அத்தியாயத்தை எழுதிச் சேர்த்தார். தொடரின் கால வரிசையில் முதலில் வரும் 'பிரலூட் டு ஃபவுண்டேஷன்' வெளிவந்தது 1988-இல். எழுதியவருக்கே இல்லாத வரிசை படிக்கிறவனுக்கு எதற்கு? எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் என்று 1966-இல் ஹியூகோ விருதையும் இதற்குத்தான் கொடுத்தார்கள்; போட்டியில் டோல்கீன் இருந்தார்.

அடுத்தது நூலகரிடமே வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டது. அசிமோவின் வேறு கதைகள் உண்டா என்று கேட்டேன். அவர் ஸ்லைடு ரூல் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு புத்தகத்தையும், மனித மூளை பற்றி ஒன்றையும், பைபிள் கையேடு ஒன்றையும் காட்டினார். "இவங்க வேற அசிமோவ் சார்" என்றேன் தீர்மானமாக. "நம்ம ஊர்ல முருகேசன்னு எத்தனை பேர் இருக்காங்க? அந்த மாதிரி." நூலகர் ஒன்றும் சொல்லாமல் முன்பக்கத்தைத் திருப்பி, இதே ஆசிரியரின் பிற நூல்கள் என்ற பட்டியலைக் காட்டினார். ஷேக்ஸ்பியருக்கு வழிகாட்டி, எண்களின் கதை, நியூட்ரினோ, ரோமானிய வரலாறு, நடுவில் ரோபாட். பட்டியல் பக்கம் தாண்டியும் ஓடியது. மொத்தம் ஏறத்தாழ 500 நூல்கள். நூலகங்களின் டூயி பகுப்பில் பத்துப் பெரும்பிரிவுகள் உண்டு. தத்துவம் நீங்கலாக மற்ற ஒன்பதிலும் அவர் புத்தகம் இருக்கிறது என்பார்கள். அடுக்குகிறவர் கை தவறி எந்த அலமாரியில் செருகினாலும் அங்கே ஏற்கெனவே ஒரு அசிமோவ் இருப்பார்.

அதில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஒன்று. தண்ணீரில் போடுவதற்கு 1.12 வினாடி முன்பே கரைந்துவிடும் 'தியோடிமோலின்' என்ற பொருளைப் பற்றி, அட்டவணை, மேற்கோள்கள் எல்லாம் போட்டு, ஆராய்ச்சிக் கட்டுரை போலவே ஒரு கிண்டல் கட்டுரையை எழுதினார். 1948-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குச் சற்று முன்பு, கேட்டுக்கொண்டதுபோலப் புனைபெயரில் வராமல், சொந்தப் பெயரிலேயே அச்சாகிவிட்டது. தேர்வின் கடைசிக் கேள்வியாகத் தேர்வாளர் ஒருவர் தியோடிமோலினைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தேறிவிட்டோம் என்று புரிந்து அசிமோவ் அடக்க முடியாமல் சிரித்தாராம். பொய் விஞ்ஞானம் பேசி அவர் டாக்டர் ஆனார். நான் கியர் பெட்டிக்குப் போனேன்.

நான் கதை எழுதிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் புரண்டபோது அற்புதமான கரு ஒன்று தோன்றியது. பிரபஞ்சம் மெல்ல மெல்ல ஆறிக் குளிர்ந்துபோவதைத் தடுக்க முடியுமா என்று மனிதர்கள் ஒரு கணிப்பொறியிடம் கேட்கிறார்கள். பதில் இல்லை. யுகம் யுகமாகக் கணிப்பொறி வளர்ந்துகொண்டே போகிறது, கேள்வி மாறவில்லை. கடைசி நட்சத்திரமும் அணைந்தபின் பதில் கிடைக்கிறது. கை நடுங்க எழுதி, தமிழ்ப் பெயர்கள் வைத்து, தபால்தலை ஒட்டிய கவரோடு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கதை திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி: "அசிமோவுக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும்."

'தி லாஸ்ட் க்வெஸ்சன்', 1956-இல் வந்த கதை. தன் கதைகளிலேயே தனக்கு மிகவும் பிடித்தது என்று அசிமோவ் சொன்னது. எப்போதோ ஒரு தொகுப்பில் படித்து, தலைப்பையும் ஆசிரியரையும் மறந்து, கடைசியில் படித்ததையே மறந்து, நானே யோசித்ததாக நம்பிவிட்டேன். இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஒரு கதை படித்தேன், பெயர் ஞாபகமில்லை, நீங்கள் எழுதியதா என்றும் தெரியவில்லை என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் தேடுவது அநேகமாக இதே கதையைத்தான் என்று அசிமோவே எழுதியிருக்கிறார். ஆனால் அவர்கள் அவரிடம் விசாரித்தார்கள். நான் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

அவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றும் ஒரு ஆசை இருந்தது. வாசகர் கடிதங்களுக்குப் பெரும்பாலும் அஞ்சலட்டையில் அவரே பதில் போடுவார் என்று படித்திருந்தேன். ஆங்கிலத்தில் பிழை இல்லாமல் எழுத வேண்டுமே என்று ரென் அண்ட் மார்ட்டினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன். 'இன்' போடுவதா 'அட்' போடுவதா என்று யோசித்து, திருத்தியதை மறுபடி திருத்தினேன். 1992 ஏப்ரல் 6-ஆம் தேதி அவர் நியூயார்க்கில் காலமானார். கடிதம் முதல் பத்தியைத் தாண்டியிருக்கவில்லை. சில வருடம் கழித்து அவர் தம்பி ஸ்டான்லி, அண்ணனின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அதில் இலக்கணம் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பதில் எழுதியிருப்பதைப் பார்த்தபோதுதான், எதைத் தவறவிட்டேன் என்று உறைத்தது.

அவரும் நூலகத்தில் வளர்ந்த ஆள்தான். ரஷ்யாவின் பெத்ரோவிச்சி கிராமத்தில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா வந்தவர். அப்பாவுக்கு புரூக்ளினில் மிட்டாய்க் கடை. கடையில் தொங்கும் கதைப் பத்திரிகைகளைத் தொடக் கூடாது என்று அப்பா கண்டிப்பு; பத்திரிகைப் பெயரிலேயே 'சயின்ஸ்' இருக்கிறது, இது படிப்பு சம்பந்தப்பட்டது என்று ஒன்பது வயதில் அப்பாவை ஏமாற்றி அனுமதி வாங்கினார். எதைப் படிப்பது என்று வழிகாட்ட ஆளில்லாமல், பொது நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். தன் உண்மையான படிப்பு அங்கேதான் நடந்தது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1971-இல் மிச்சிகன் மாநிலத்தின் டிராய் நகரில் புது நூலகம் திறந்தபோது, குழந்தைகள் பிரிவு நூலகர் கேட்டுக்கொண்டதற்காக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாழ்த்துக் கடிதமும் அனுப்பினார்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: முதல் பாகத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கிடைத்த பாகத்தை எடுங்கள். வரிசைக்குக் காத்திருப்பவன் படிக்காமலே போவான். நடுவில் குதித்தவன் தட்டுத் தடுமாறியாவது கரை சேர்வான். ரங்கநாதன் போன்றவர்கள் முயன்று கொண்டுவந்த 1948-ஆம் வருடச் சட்டத்தின் பேரில்தான் நம் ஊர்களில் பொது நூலகங்கள் நடக்கின்றன. சொத்து வரி ரசீது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி என்று சேர்த்திருப்பார்கள். கட்டிய பணத்துக்காவது ஒரு நடை போய் வாருங்கள். கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓமியோபதி அலமாரியில் எதையும் ஒளித்து வைக்காதீர்கள்.